கால்விரலில் தொடங்கும் நூல்

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில், அருள்புரத்தைச் சுற்றியுள்ள பெயர்ப்பலகைகளில் இரண்டு சொற்கள் ஓயாமல் வரும். ஒன்று 'நிட்டிங்', மற்றது 'ஹோசியரி'. முதல் சொல் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும். இரண்டாவதை யாரும் நின்று யோசிப்பதில்லை. ஆங்கிலத்தில் 'ஹோஸ்' என்றால் காலை மூடும் உறை. அதைப் பின்னி விற்கும் தொழிலுக்கு ஹோசியரி என்று பெயர் வந்து, பிறகு பின்னலாடை முழுவதற்கும் அதுவே பொதுப்பெயராயிற்று. 1956இல் இங்கே உருவான தென்னிந்திய உற்பத்தியாளர் சங்கத்தின் ஆங்கிலப் பெயரில் 'ஹோசியரி' இருக்கிறது. தமிழ்ப் பெயரில் அதே இடத்தில் 'பனியன்' நிற்கிறது. பனியன் என்ற சொல்லைப் பின்தொடர்ந்து போனால் குஜராத்தி வணிகரைக் குறிக்கும் 'வாணியா' வரைக்கும் போகலாம். ஒரு பெயரில் ஐரோப்பியரின் கால் இருக்கிறது. இன்னொரு பெயரில் வணிக ஆணின் உடம்பு இருக்கிறது. நூற்றவள், தைத்தவள், பிசிர் வெட்டியவள் யாரும் இரண்டிலும் இல்லை.

இந்த விடுபடல் தமிழுக்குப் புதிதல்ல. நம் மொழியில் 'நூல்' இழையையும் புத்தகத்தையும் ஒருசேரக் குறிக்கும். 'பனுவல்' என்ற சொல்லுக்கும் அந்த இரட்டைப் பொருள் உண்டு. நூல் எப்படி உருவாகிறது என்று விளக்கும்போது நன்னூல் ஓர் உருவகத்தைச் சொல்கிறது: சொல் பஞ்சு, பனுவல் இழை, புலவன் நூற்கும் பெண், அவன் வாய் அவள் கை, அவன் மதி அவள் கதிர். தமிழ் படித்த எல்லோரும் இந்தச் சூத்திரத்தை ஒப்பித்திருப்போம். நானும் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். இதில் யார் யாராக ஆக்கப்படுகிறார் என்பதை மாணவியரைக் கவனிக்கச் சொல்வேன். எழுதுபவன் ஆண். அவனுடைய வேலை எப்படிப்பட்டது என்று புரியவைப்பதற்காக ஒரு பெண்ணின் வேலை கடன் வாங்கப்படுகிறது. வேலை அவளுடையது, நூல் அவனுடையது. பவணந்தி வாழ்ந்த நாளில் கதிர் சுற்றியவர்கள் பெண்கள் என்பது எவ்வளவு இயல்பாக இருந்திருந்தால் அந்த உவமை விளக்கமே தேவைப்படாமல் நின்றிருக்கும்!

அதற்கும் முன்னால், சங்கப் பாடல்களில் நூற்கும் பெண்கள் சிறு விளக்கொளியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நற்றிணையில் அவள் ஆண்துணை இல்லாதவள். ஆண் போன பிறகு பிழைப்பதற்கான வேலை நூற்பு. நம் காலத்தில் கோவை, ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்தது. பதின்பருவப் பெண்களை மூன்றாண்டு ஆலை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கி, முடிவில் ஒரு தொகையைக் கல்யாணச் செலவுக்கென்று கொடுப்பார்கள். இங்கே நூற்பு ஆண் வருவதற்கு முன்னால் செய்யும் வேலையாகிவிட்டது. இடையில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள். கதிர் மாறியது, மின்சாரம் வந்தது. பெண்ணின் உழைப்பு அவளுக்கும் ஓர் ஆணுக்கும் உள்ள தூரத்தை வைத்தே பெயரிடப்படுவது மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்தப் பின்னணியில் ஒரு காலுறையை வாசிக்க விரும்புகிறேன். கையால், ஊசியால், விரல் நுனியிலிருந்து மேல்நோக்கிப் பின்னப்படும் காலுறை. பின்னல் குறிப்பும் ஒரு பனுவல்தான். அதற்கு வரிசை உண்டு, சுருக்கெழுத்து உண்டு, ஆசிரியர் உண்டு, மரபு உண்டு. தையலில் 'ஸ்டிட்ச்' என்பதற்குப் பின்னலில் தமிழர் 'கண்ணி' என்கிறார்கள். கண்ணி என்றால் மாலை, கண்ணி என்றால் பொறி, கண்ணி என்றால் தாயுமானவர் பாடியது போன்ற ஈரடிச் செய்யுள். ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணியை இழுத்துச் செல்வதுதான் பின்னல். கவிதை எழுதுபவளுக்கு இதைவிட நெருக்கமான கைவேலை இல்லை.

மேற்கில் நெடுங்காலம் பரவலாக இருந்த முறை மேலிருந்து கீழே வருவது. கணுக்காலுக்கு மேலே வாய்ப்பட்டையில் தொடங்கி, கால், குதிகால், பாதம் என்று இறங்கி விரலில் முடியும். தொடங்கும்போதே எத்தனை கண்ணி என்று தீர்மானித்தாக வேண்டும். பாதத்தின் அகலம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பது ஊசிக்குத் தெரியவருவதற்குள் பாதி உறை முடிந்திருக்கும். நூல் போதவில்லை என்றால் அது விரல் பக்கத்தில்தான் தெரியவரும். கடைசியில் மேல் பக்கத்துக் கண்ணிகளையும் கீழ்ப் பக்கத்துக் கண்ணிகளையும் தடம் தெரியாமல் கோத்து மூட வேண்டும். அந்தக் கோப்புக்கு ஆங்கிலத்தில் 'கிச்னர் தையல்' என்று பெயர்.

கிச்னர் யார் என்று நம் வரலாற்றுப் புத்தகம் சொல்லும். 1902 முதல் 1909 வரை இந்தியாவில் பிரிட்டிஷ் படைகளின் தலைமைத் தளபதி. அதற்கு முன் தென்னாப்பிரிக்காவில் போயர் போரை நடத்தியவர். பண்ணைகளை எரித்து, பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைக்கும் முறை அவர் தலைமையில் விரிந்தது. அந்த முகாம்களில் 26,000க்கும் மேற்பட்ட போயர் பெண்களும் குழந்தைகளும் நோயிலும் பட்டினியிலும் இறந்தார்கள். தனி முகாம்களில் அடைக்கப்பட்ட கறுப்பின மக்களும் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். முதல் உலகப் போரில் படைவீரர்களுக்கு உறை பின்னுமாறு நாட்டுப் பெண்கள் அழைக்கப்பட்டார்கள். அந்தக் காலத்தின் நினைவாக விரல் மூடும் தையல் தளபதியின் பெயரைப் பெற்றது. அவரே அதை வடிவமைத்தார் என்ற கதைக்கு உறுதியான சான்று இல்லை. பின்னிய லட்சக்கணக்கான பெண்களில் ஒருத்தி பெயரும் அந்தத் தையலுக்கு இல்லை.

இன்னொரு பெயரையும் இங்கே வைக்க வேண்டும். எமிலி ஹாப்ஹவுஸ். 1901இல் அந்த முகாம்களை நேரில் பார்த்து, பார்த்ததை எழுதி, இங்கிலாந்தை வெட்கப்பட வைத்தவர். அவ்வாண்டின் இறுதியில் மறுபடி போனபோது கேப் டவுனில் கால்வைக்க விடாமல் திருப்பி அனுப்பினார்கள். போர் முடிந்த பிறகு அவர் தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போய், 1905இல் ஃபிலிப்போலிஸ் என்ற ஊரில் போயர் பெண்களுக்கு நூற்பும் நெசவும் கற்பிக்கும் பள்ளியைத் தொடங்கினார். எரிந்த பண்ணைகளுக்கு நடுவே பெண்கள் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்று நினைத்தவர் அவர். கையில் ஊசி வைத்திருக்கும் பெண்கள் இன்றும் உச்சரிப்பது கிச்னரின் பெயரை. பெண்ணிய விமர்சனம் புத்தக அலமாரியோடு நின்றுவிடக் கூடாது, ஊசிப்பெட்டிக்குள்ளும் வர வேண்டும் என்று நான் சொல்வதற்கு இந்த ஓர் எடுத்துக்காட்டு போதும்.

விரலிலிருந்து தொடங்கும் முறையில் கிச்னருக்கு வேலை இல்லை. இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்து, நூலை மாறிமாறிச் சுற்றி, மேலே 10, கீழே 10 என்று கண்ணிகளை ஏற்றுவார்கள். 2006இல் ஜூடி பெக்கர் வெளியிட்ட தொடக்கமுறை இன்று பரவலாக இருக்கிறது. அது அவர் பெயராலேயே வழங்குகிறது. இரண்டு வரிசையும் ஒரே இழையில் ஒட்டிப் பிறப்பதால் மூட வேண்டிய வாய் இல்லை. பிறகு வட்டமாகப் பின்னிக்கொண்டே, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில், இரு பக்க விளிம்புகளிலுமாக நான்கு கண்ணி கூட்ட வேண்டும்.

எத்தனை வரை கூட்டுவது? பாதத்தின் அகலமான இடத்தைச் சுற்றி அளந்தால் 8 அங்குலம். அங்குலத்துக்கு 8 கண்ணி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 64 வரும். உறை காலைப் பற்றி நிற்க வேண்டுமானால் அது காலைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு குறைத்து, நான்கால் வகுபடும் எண்ணுக்குக் கொண்டுவந்தால் 56. 20இல் தொடங்கி ஒன்பது முறை கூட்டினால் 56 வந்துவிடும். இது கணக்கு. ஆனால் இந்த முறையில் கணக்குக்கு மேல் ஒரு நீதிமன்றம் இருக்கிறது. ஏழாவது முறை கூட்டியதும் ஊசியோடு சேர்த்துக் காலில் மாட்டிப் பார்க்கலாம். விரல் நெருக்கப்படுகிறதா, தொளதொளக்கிறதா என்று கால் சொல்லும். பெருவிரல் எலும்பு புடைத்திருந்தால் பத்தாவது முறையும் கூட்டி 60 ஆக்கிக்கொள்ளலாம். இரண்டு காலும் ஒரே அளவில் இல்லாவிட்டால் இரண்டு உறையும் ஒரே எண்ணில் இருக்கத் தேவையில்லை.

பாதத்தின் முழு நீளத்துக்கு ஏறக்குறைய 5 செ.மீ. குறைவாக இருக்கும்போது குதிகால் தொடங்கும். 56இல் பாதியான 28 கண்ணிகளை மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்ன வேண்டும். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் ஒரு கண்ணியைப் பின்னாமல் விட்டுக்கொண்டே வந்தால் இரு பக்கமும் 9, நடுவில் 10 நிற்கும். பிறகு விட்டவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தால் கிண்ணம் போல ஒரு குழிவு உருவாகும். அதில் குதிகால் உட்காரும். மேல்பாதம் உயர்ந்தவர்கள் குதிகாலுக்கு முன்பே பக்கங்களில் சில கண்ணி கூட்டிக்கொள்வார்கள். அப்புறம் கணுக்கால், ரிப், தளர்வான முடிப்பு. நூல் தீர்ந்தால் உறை கொஞ்சம் குட்டையாகும், அவ்வளவுதான். விரல் வெளியே தெரியாது.

ஒரு பனுவலாக இதை வாசிக்கும்போது எனக்கு முக்கியமாகப் படுவது, இங்கே ஆசிரியரின் எண்ணுக்கும் வாசகியின் காலுக்கும் முரண் வந்தால் கால்தான் சரி. எலிசபெத் ஸிம்மர்மன் 1971இல் வெளியிட்ட 'நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்' என்ற நூல் பின்னுபவரைத் தன் தலையால் யோசிக்கச் சொன்னது. குறிப்பை வேதமாக்காதே என்றது. விரல்முனைக் காலுறை அந்த யோசனையை முறையாகவே ஆக்கிவிட்டது. நம் இலக்கணங்கள் இலக்கியத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டவை என்று படித்திருக்கிறோம். பிறகு வந்தவர்கள் இலக்கணத்தைப் பார்த்து இலக்கியத்தைத் திருத்தினார்கள். பெண்களின் உடம்புக்கு நேர்ந்ததும் இந்தப் பின்னதுதான்.

அருள்புரத்தில் என் பக்கத்து வீட்டு அக்கா இருபது ஆண்டுகளுக்கு மேல் செக்கிங்கில் இருக்கிறார். நான் பருத்தியில் பின்னிக்கொண்டிருந்த உறையை வாங்கி, உள்ளே கைவிட்டு விரித்து, வெளிச்சத்தில் பிடித்தார். "சிங்கிள் ஜெர்சிங் டீச்சர். வாய் மட்டும் ரிப்பு. சைடு ஜாயின்ட்டே காணமே?" என்றார். ஊசி பிடித்தே பழகாதவர் அவர். நான் பல மாதம் படித்துத் தெரிந்துகொண்டதை அரை நிமிடத்தில் வாசித்துவிட்டார். அவர் சொன்னது முழுக்கச் சரி. வட்ட நிட்டிங் மெஷின் செய்வதும் ஊசி செய்வதும் ஒரே கண்ணி. குழாயாகவே இறங்கும் துணியை உடம்பின் அகலத்துக்கே எடுத்து, பக்கத் தையல் இல்லாமல் பனியன் வெட்டிய ஊர் இது. 1589இல் வில்லியம் லீ என்பவர் இங்கிலாந்தில் காலுறை பின்னும் சட்டகத்தைச் செய்தபோது அவர் இயந்திரத்துக்கு மாற்றியதும் பெண்களும் ஆண்களும் கையால் போட்ட அந்தக் கண்ணியைத்தான். கைவேலை பிழைப்பு போய்விடும் என்று எலிசபெத் அரசி காப்புரிமை மறுத்ததாக ஒரு கதை வழங்குகிறது.

அந்த அக்காவின் பாதத்தையும் சொல்ல வேண்டும். முன்பக்கம் அகலம், குதிகால் குறுகல், சாயந்திரத்தில் கணுக்காலில் வீக்கம். வெறுங்காலிலும் ரப்பர் செருப்பிலும் நடந்த பாதம் விரல்களை விரித்துக்கொள்ளும். செக்கிங் நின்று பார்க்கும் வேலை. காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வர இரவு எட்டரை. அந்த நேரமெல்லாம் அவர் கைக்கு வரும் ஒவ்வொரு பீஸும் அளவு அட்டையோடு ஒப்பிடப்படுகிறது. மார்புச் சுற்று, தோள், நீளம் என்று எந்த ஊர் உடம்புக்கோ வகுக்கப்பட்ட எண்கள். அரை சென்டிமீட்டர் மாறினால் டேமேஜ். உலகத்து உடம்புகளுக்கெல்லாம் பொருந்துகிறதா என்று நாள் முழுதும் பார்க்கும் ஒருத்தியின் காலை யாரும் அளந்ததில்லை.

கைப்பின்னலைப் பெண்ணியம் மீட்டெடுத்த கதை நமக்குத் தெரியும். ரோசிகா பார்க்கர் 1984இல் எழுதிய 'தி சப்வெர்சிவ் ஸ்டிட்ச்' பூத்தையல் எப்படிப் பெண்மையை வார்த்தெடுக்கும் கருவியாகவும் அதை எதிர்க்கும் கருவியாகவும் இருந்தது என்று காட்டியது. 2003இல் டெபி ஸ்டாலரின் 'ஸ்டிட்ச் அண்ட் பிட்ச்' வந்தபோது, பாட்டிகள் வேலை என்று இகழப்பட்ட பின்னலை இளம்பெண்கள் பெருமையோடு கையில் எடுத்தார்கள். எனக்கு இந்த எழுத்துகள் மீது மரியாதை உண்டு. ஆனால் இவை கற்பனை செய்யும் பெண் வீட்டில் உட்கார்ந்து தனக்காகப் பின்னுகிறாள். அவள் போட்டிருக்கும் டி ஷர்ட் எங்கே பின்னப்பட்டது என்ற கேள்வி அந்தக் கொண்டாட்டத்தில் மெலிதாகத்தான் கேட்கிறது. கைப்பின்னல் விடுதலை, மெஷின் பின்னல் அடிமைத்தனம் என்று பிரித்துவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவின் அரை நிமிட வாசிப்பு எங்கே சேரும்?

மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட 'நரசாப்பூரின் லேஸ் பின்னும் பெண்கள்' பற்றிய ஆய்வு இங்கே நல்ல மருந்து. ஆந்திரத்தின் மேற்கு கோதாவரியில், மிஷனரிகள் வழியாக வந்த கொக்கிப்பின்னலைப் பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்தார்கள். துண்டுதுண்டாகப் பிரித்துத் தரப்பட்ட வேலை, உலகச் சந்தைக்குப் போகும் சரக்கு. ஆனால் அவர்கள் தொழிலாளிகளாக எண்ணப்படவில்லை. வீட்டில் இருக்கும் பெண்கள், ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள் என்ற ஒரு வாக்கியம் போதும், கூலியை அடிமட்டத்தில் வைத்திருக்க. நம் பக்கத்தில் நாகர்கோவிலிலும் இடையன்குடியிலும் மிஷனரிப் பெண்கள் தொடங்கிய லேஸ் வேலைக்கும் இந்த இரட்டைத்தன்மை உண்டு. கையில் ஊசி இருப்பதாலேயே ஒருத்தி தன் உழைப்புக்கு உடைமைக்காரி ஆகிவிடுவதில்லை. அளவைத் தீர்மானிப்பவர் யார், விலையைத் தீர்மானிப்பவர் யார் என்பதுதான் கேள்வி.

திருப்பூரைப் பற்றிய எழுத்திலும் இதே கேள்வியைக் கேட்கலாம். சரத் சாரி 2004இல் எழுதிய ஆய்வுநூலின் தலைப்பே முதலீட்டைச் 'சகோதர'த்தன்மை உடையது என்கிறது. விவசாய வேலையிலிருந்து வந்து, பாடுபட்டு முதலாளியான ஆண்களின் சுயகதை எப்படிக் கட்டப்படுகிறது என்று அது காட்டுகிறது. அந்தக் கதையில் 'பாடு' ஆணுடையது. அதே மேஜையில் கைமடித்த பெண்ணின் பாடு 'உதவி'. ஹெல்பர் என்ற பதவிப்பெயரே அப்படித்தான். சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' சாயக்கழிவால் கெட்ட நீரையும் நிலத்தையும் தமிழ் நாவலுக்குள் கொண்டுவந்தது. நொய்யல் செத்துக்கொண்டிருந்தபோது அதை எழுதியது பெரிய காரியம். எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' இந்த ஊரில் வளர்ந்த நண்பர்களின் உயர்வையும் சரிவையும் விரிவாகச் சொன்னது. இந்த நாவல்களை நான் மதித்து வாசித்தவள். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணே கதையைத் தொடங்கி, அவள் அறிவே கதையின் அளவுகோலாகும் ஒரு நாவல் இன்னும் எழுதப்பட வேண்டும். இதுவரையிலான கதை வாய்ப்பட்டையிலிருந்து இறங்கி வந்தது. எண்ணிக்கை மேலே தீர்மானிக்கப்பட்டு, காலுக்கு வரும்போது நூல் போதாமல் போயிற்று.

தொழிலாளர் நலனும் இங்கே அப்படித்தான் வந்தது. வெளிநாட்டு நிறுவனங்களின் நடத்தை விதிகள் தயாராக வரும். ஆடிட் நாளில் கழிப்பறை கழுவப்படும், தீயணைப்பான் துடைக்கப்படும், கேட்டால் சொல்ல வேண்டிய பதில் முன்னாலேயே சொல்லிக்கொடுக்கப்படும். இதற்கு மாறாக 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஒரு இளம் தொழிலாளியின் கொலைக்குப் பிறகு நடத்திய போராட்டத்தின் விளைவு அது. பாலின வன்முறையைக் கண்டுபிடித்துச் சொல்ல, தளத்தில் வேலை செய்யும் பெண்களையே பயிற்றுவித்துக் கண்காணிப்பாளர்களாக வைத்தது. பின்னும்போதே மாட்டிப் பார்க்கும் முறை இது. எங்கே நெருக்குகிறது என்பதை அதை அணிந்திருப்பவர் சொல்கிறார்.

இந்தத் தொகுப்பை வாசிக்கும் மாணவியரிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. விரல்முனைக் காலுறைக்கான குறிப்பைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலச் சுருக்கெழுத்தைப் பெயர்க்க வேண்டாம். இந்த ஊர்ப் பெண்களிடம் ஏற்கெனவே லூப், ரிப், டயா, பிசிர், மடி என்று ஒரு மொழி இருக்கிறது. கண்ணி என்ற பழைய சொல்லும் இருக்கிறது. நூலுக்கும் பஞ்சமில்லை. பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் 20ஆம் நம்பர் பருத்தி இழையில் எட்டைச் சேர்த்தால் உறைக்கு ஏற்ற பருமன் வரும். பருத்தி கம்பளியைப் போல் இழுத்துவிட்டால் திரும்பி வராது. அதனால் பாதத்தின் மேல்பக்கத்திலும் ரிப் போடுங்கள், நெருக்கமாகப் பின்னுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மேல்முடிப்பு தடம் பதியாத அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும்.

அளவை மட்டும் காலையில் எடுக்காதீர்கள். ஷிப்ட் விட்டு வந்து, செருப்பைக் கழற்றி, சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்காரும் நேரத்தில் எடுங்கள். பாதம் அப்போதுதான் முழு அளவில் இருக்கும். குறிப்பின் முதல் வரியில் அந்தக் காலுக்கு உரியவளின் பெயரை, அவள் சம்மதத்தோடு, எழுதுங்கள். பின்னியவளின் பெயரைக் கடைசி வரியில் எழுதுங்கள்.